ஆராய்ச்சி மணி எட்டாத வீடு

திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டு ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் பேசும் இந்தக் கதையில் நம் மனத்தில் நிற்பது தேர்க்கால்தான். ஒரு விலங்கின் உயிருக்கு ஒரு மனித உயிர் என்ற கணக்கு அவ்வளவு திகைப்பூட்டுவது. ஆனால் கதையில் நடக்காத சிலவற்றையும் கவனிக்க வேண்டும். பசு இளவரசனை முட்டிக் கொல்லவில்லை. வீதியில் நின்றவர் எவரும் அவன்மேல் கல்லெறியவில்லை. எல்லாம் மணி வழியாகவே நடந்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருப்பது பொருத்தமே. தனியொருவர் பழிவாங்குவதைப் பற்றிய கதையல்ல இது, முறையீடு கேட்கப்படுவதைப் பற்றிய கதை. அந்த மணி எட்டாத இடத்தில் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆண்டுக்கணக்கில் அடிவாங்கும் மனைவி கணவனைக் கொல்லலாமா? கண்ணெதிரே ஒரு விலங்கு வதைக்கப்படும்போது வதைப்பவனின் உயிரைப் பறிக்கலாமா? கோபம் மேலிடும்போது இரண்டும் ஒரே கேள்வியாகத் தெரிகின்றன. ஆராய்ந்தால், இரண்டுக்கும் விடை வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘அவனைக் கொன்றால் என்ன?’ என்று கேட்பவர் பெரும்பாலும் அவன் சாகத் தகுந்தவன் என்ற பொருளில் கேட்கிறார். அது தண்டனையின் மொழி. தண்டனை முடிந்துபோன செயலைப் பார்த்து அளக்கப்படுவது. அதை அளக்க விசாரணை வேண்டும், சாட்சி வேண்டும், எதிர்த்தரப்பின் பேச்சு வேண்டும். தற்காப்பு இனி நடக்கப்போவதைப் பார்க்கிறது. ஒரு கேட்டைத் தடுக்க வேறு வழி இருந்ததா, தடுத்த விதம் அந்தக் கேட்டின் அளவுக்கு ஒத்ததா என்று மட்டுமே அது கேட்கும். உலகிலேயே கொடியவன் ஆனாலும் அவனால் இனி ஆபத்து இல்லையென்றால் அவனைக் கொல்வது தற்காப்பு ஆகாது. மனநிலை பிறழ்ந்து, எந்தப் பழிக்கும் பொறுப்பாகாத ஒருவர் அரிவாளோடு பாய்ந்தால், அவரைத் தடுக்கும் உரிமை அப்போதும் உண்டு. ஆகவே கொடுமை எவ்வளவு பெரிது என்பது மட்டும் உயிர்பறிக்கும் உரிமையைத் தந்துவிடாது. தடுக்க வேண்டிய தேவை இருந்ததா என்பதே உரைகல். இந்த உரைகல்லை நேர்மையாகப் பயன்படுத்தினால், குடும்ப வன்முறை வழக்குகளில் சட்டம் இன்னும் தாராளமாகவும் விலங்கு வதை விஷயத்தில் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்தியச் சட்டத்தின் தற்காப்புரிமை, பலரும் நினைப்பதைவிட அகலமானது. தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837-இல் அளித்த மெக்காலே, இந்நாட்டு மக்கள் கொள்ளையரின் கொடுமையை அளவுக்கு மீறிப் பொறுத்துப்போகிறார்கள் என்றும், அவர்களிடம் ஆண்மை மிக்க துணிவைத் தூண்ட வேண்டும் என்றும் தன் குறிப்புகளில் எழுதினார். 1860-இல் நிறைவேறிய சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் அந்த மனநிலையில் பிறந்தவை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளாக அவை ஏறக்குறைய அப்படியே தொடர்கின்றன. தன் உடலை மட்டுமின்றிப் பிறர் உடலையும் காக்கலாம். சாவு அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், வன்புணர்ச்சி, ஆட்கடத்தல், அதிகாரிகளிடம் முறையிட வழியில்லாதபடி அடைத்துவைத்தல், 2013-இல் சேர்க்கப்பட்ட அமிலவீச்சு போன்ற நிலைகளில் தாக்குபவனின் உயிரையும் போக்கலாம். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பதும், அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் இந்த உரிமை இல்லை என்பதும் வரம்புகள். ஆபத்து ‘இந்தக் கணமே’ நேர வேண்டும் என்ற சொல் இப்பிரிவுகளில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முயற்சியிலிருந்தோ மிரட்டலிலிருந்தோ நியாயமான அச்சம் எழுந்த உடனே உரிமை தொடங்குகிறது. ஆபத்தில் இருப்பவரின் செயலைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கக்கூடாது என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை ஏற்ற நெறி.

அப்படியானால் சிக்கல் எங்கே? சட்டத்தின் சொற்களைவிட, அவற்றைப் படிப்பவர் மனத்தில் ஓடும் காட்சியில்தான். அங்கே இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள், ஏறக்குறைய சம வலிமை, வெட்டவெளி, சண்டைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. வீடு அப்படிப்பட்ட களம் அல்ல. அங்கே தாக்குபவன் வந்துபோகும் கொள்ளையன் அல்லன்; சாவி அவனிடம் இருக்கிறது, பணம் அவனிடம் இருக்கிறது, பிள்ளைகள் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2023-இல் உலகெங்கும் திட்டமிட்டுக் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமியரும் சுமார் 85,000 பேர்; அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவரோ குடும்பத்தினரோ. நாளொன்றுக்கு 140 பேர். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகப் பதிவுசெய்தது; தமிழ்நாட்டில் அது 38 விழுக்காடு. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. ‘அதிகாரிகளை நாட நேரம் இருந்ததே’ என்று நீதிமன்றம் கேட்கும்போது, நேரம் இருந்திருக்கலாம், நாடும் வழி இருந்ததா என்ற மறுகேள்வியை இந்த எண்கள் எழுப்புகின்றன.

அடி விழும் அதே வேளையில் திருப்பியடித்த வழக்குகளில் சட்டம் ஓரளவு நேராகவே நடக்கிறது. 2012-இல் மதுரையில், குடித்துவிட்டு மகளிடம் தகாதமுறையில் நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணைக் காவல் துறை 100-ஆம் பிரிவின்கீழ் விடுவித்தது. அவர் கொலை வழக்கு விசாரணையைச் சந்திக்க நேரவில்லை. சரியான முடிவுதான். ஆனால் அதே இரவில் அதே ஆண் அதே வன்முறையை மகளிடம் காட்டாமல் மனைவியிடம் காட்டியிருந்தால்? வன்புணர்ச்சியைத் தடுக்க உயிர்போக்கலாம் என்கிறது சட்டம். பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவு, அவள் விருப்பத்துக்கு மாறானதாயினும் வன்புணர்ச்சி ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த விலக்கு பழைய 375-ஆம் பிரிவிலிருந்து புதிய 63-ஆம் பிரிவுக்கும் வந்திருக்கிறது. ஆக, அந்நியனிடமிருந்து பெண்ணுக்கு முழுமையாகக் கிடைக்கும் தற்காப்புரிமையில் ஒரு பகுதி, தாலி ஏறியதும் கழன்றுவிடுகிறது. கொடுங்காய அச்சம் என்ற வேறு வாசல் அவளுக்கு உண்டு; எனினும் மிக நேரான வாசல் அடைபட்டிருக்கிறது. மணவுறவு வன்புணர்ச்சி பற்றிய விவாதத்தில் அதிகம் பேசப்படாத விளைவு இது.

கடினமான வழக்கு, அவன் உறங்கும்போது நடப்பது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், கணவனால் பல்லாண்டு வதைபட்டு, நாயைப்போலக் குரைக்கவும் விலங்குகளுக்கான உணவைத் தின்னவும் கட்டாயப்படுத்தப்பட்ட பெண் உறங்கும் கணவனைச் சுட்டார். ஆபத்து உடனடியானதல்ல என்று கூறி, தற்காப்பு வாதத்தை ஜூரியின் பரிசீலனைக்கே விடமுடியாது என்று 1989-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பஞ்சாபைச் சேர்ந்த கிரண்ஜித் அலுவாலியா, பத்தாண்டுக் கொடுமைக்குப் பின், உறங்கிய கணவனுக்குத் தீவைத்தார், அவன் இறந்தான். கொலைக்குற்றம், ஆயுள் தண்டனை. ‘திடீரெனத் தன்வயம் இழந்தாரா?’ என்ற 1949-ஆம் ஆண்டு டஃபி வழக்கின் அளவுகோல் அவருக்கு எதிராக நின்றது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் எந்த வழியில்? மனச்சோர்வால் அவர் பொறுப்பு குறைந்திருந்தது என்ற புதிய மருத்துவச் சான்றின் வழியில். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ‘திடீர்’ என்ற நிபந்தனையை இங்கிலாந்தில் நீக்கியது. ஆண் சட்டென்று கொதிப்பான்; தன்னைவிட வலியவனோடு வாழும் பெண் பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். முதலாவதை மனித பலவீனம் என்றும் இரண்டாவதைத் திட்டமிட்ட கொலை என்றும் நெடுங்காலம் வகுத்தது, சட்டம் யாருடைய உடலை அளவாக வைத்துத் தைக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

இந்த இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இங்கிலாந்துக்கு முன்னால் போயிருந்தது. கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் இறக்கத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில் 1989-இல் வந்த தீர்ப்பு, ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்ற பெயரையே சட்டத்துக்குக் கொடுத்தது. அண்ணியின் கொடுமையும் பசியும் துரத்த ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் வீசிய நல்லதங்காள் கதை தெரியாத தமிழ் ஊர் இல்லை. சட்டப்புத்தகம் ‘திடீர்’ ஆத்திரமூட்டலை மட்டுமே பேசினாலும், நாள்பட்டுத் தொடரும் ஆத்திரமூட்டலும் கொலையைக் கொலையல்லாத குற்றமாகக் குறைக்கலாம் என்று அந்நீதிமன்றம் கண்டது. கணவனையே கொன்ற வழக்குகளிலும் இந்தக் கருத்து பின்னர் எடுத்தாளப்பட்டது. 2013-இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம், அடிபட்ட மனைவியின் மனநிலையைக் கணக்கில் கொண்டு கொலைத் தீர்ப்பைக் குறைத்தது. இவையெல்லாம் கருணையான தீர்ப்புகள். ஆயினும் ‘நோய்க்குறி’ என்ற சொல் உறுத்துகிறது. 1979-இல் அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் எழுதிய நூலிலிருந்து கிளைத்த ‘அடிபட்ட பெண்ணின் நோய்க்குறி’ என்ற கருத்துக்கும் இதே குறை உண்டு: அது அவளை மன்னிக்கிறது, அவள் எண்ணியது சரியாக இருந்திருக்கலாம் என்று மட்டும் ஒப்புவதில்லை. கனடா உச்ச நீதிமன்றத்தின் 1990 தீர்ப்பில் நீதிபதி பெர்த்தா வில்சன் இன்னொரு வழி காட்டினார். நிபுணர் சாட்சியம் அவள் நோயாளி என்று நிறுவுவதற்கல்ல. அவனை வருடக்கணக்கில் அறிந்த ஒருத்தியின் அச்சம் ஏன் நியாயமானது என்று விளக்குவதற்கு. அவன் குடித்துவிட்டுக் கதவைத் திறக்கும் ஓசையிலிருந்தே அன்றைய இரவு எப்படி முடியும் என்று அவளால் சொல்ல முடியும். அது மனக்கோளாறு அல்ல, கற்ற பாடம்.

என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். மூன்று பெட்டிகள் வேண்டும். தாக்குதல் நடக்கும்போதோ, சொல்லிவைத்த தாக்குதல் வரப்போகிறது என்று அவனை அறிந்தவர் நியாயமாக அஞ்சும்போதோ, உண்மையில் எட்டக்கூடிய உதவி இல்லாத நிலையில் கொன்றால், அது முழுத் தற்காப்பு, விடுதலைதான் நீதி. அச்சம் உண்மை, ஆனால் வேறு வழி கொஞ்சம் திறந்திருந்தது, அல்லது அளவு மீறியது என்றால், அது கொலையல்லாத குறைந்த குற்றம். நல்லெண்ணத்தோடு தற்காப்பின் எல்லை மீறுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆபத்து ஓய்ந்தபின், பாதுகாப்பான இடத்திலிருந்து திரும்பிவந்து பழைய கணக்கைத் தீர்த்தால், அனுதாபம் தண்டனையைக் குறைக்கலாம், செயலை நியாயமாக்காது. உறங்கும் கணவன் வழக்கை எந்தப் பெட்டியில் போடுவது என்பது அவன் கண் மூடியிருந்ததா என்பதைப் பொறுத்ததல்ல. கண் திறந்ததும் என்ன நடக்கும், அதற்குள் அவளால் எங்கே போயிருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. சிறைப்பிடிக்கப்பட்டவர் காவலன் உறங்கும்போது தாக்கித் தப்பினால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை.

‘அவள் வெளியேறியிருக்கலாமே’ என்பது முதல் மறுப்பு. பிரிய முடிவெடுக்கும் காலமும் பிரிந்த உடனடிக் காலமும்தான் பெண்ணுக்கு மிக அபாயமானவை என்பது இத்துறையில் பணியாற்றுவோர் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. 1992-இல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் வழிகளைத் திறந்தன. ஆனால் ‘சேர்ந்து வாழுங்கள்’ என்ற புத்திமதியோடு வீட்டுக்குத் திருப்பியனுப்பப்படும் பெண்ணுக்கு அந்த வழி ஒரு வட்டம்தான். ‘இது கணவரைக் கொல்ல உரிமச்சீட்டு ஆகிவிடும்’ என்பது அடுத்தது. உரிமச்சீட்டு முன்கூட்டியே தரப்படுவது. தற்காப்பு வாதமோ பின்னால் நீதிமன்றத்தில் சான்றோடு நிறுவப்பட வேண்டியது, நிறுவும் சுமையும் அவளுடையது. மூன்றாவது மறுப்பு வலுவானது: இறந்தவன் பேசமுடியாது, பொய்யான கொடுமைக் கதை கட்டப்படலாம். உண்மைதான். அதற்கு மருந்து, மருத்துவப் பதிவு, அண்டைவீட்டார் சாட்சியம், முந்தைய புகார் ஆகியவற்றைக் கறாராகச் சோதிப்பது. எல்லாக் கொலை வழக்கிலும் இறந்தவன் பேசுவதில்லை. அதனால் தெருச்சண்டையில் தற்காப்புரிமையை நாம் நீக்கிவிடவில்லை.

இப்போது விலங்குகள். வதைப்பவன்மேல் கொலைவெறி எழுவதற்குச் சட்டத்தின் இளக்காரமும் ஒரு காரணம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, ஒரு விலங்கை அடித்து வதைத்ததற்கு முதல்முறைத் தண்டனை பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை அபராதம். ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் காசு. கொல்வது, ஊனமாக்குவது, நஞ்சிடுவது ஆகியவற்றுக்கு நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை சிறை சொல்கிறது. ஆனால் அதுவும் சொத்துக்கு ஊறு விளைவிப்பதைப் பேசும் பகுதியில்தான் இருக்கிறது. தன் மாட்டை அடிப்பவனைத் தடுக்க ஒருவருக்குச் சொத்துக் காப்புரிமை உண்டு, உயிர்போக்காத அளவில். யாருடைய சொத்தும் அல்லாத தெருநாயைக் காக்க நிற்பவருக்கு அவ்வளவு தெளிவான பிரிவு இல்லை. இது குறை. ஒருவரின் உடைமை என்பதற்காக அல்லாமல், வலியை உணரும் உயிர் என்பதற்காகவே ஒரு விலங்கைக் காக்க நியாயமான அளவு வலிமையைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: தடியைப் பிடுங்கலாம், தள்ளிவிடலாம், பிடித்துவைக்கலாம், பூட்டை உடைத்து விடுவிக்கலாம்.

உயிரைப் பறிக்கலாமா? கூடாது என்பதற்கு மனித உயிர் உயர்ந்தது என்ற பழகிய காரணத்தோடு நிற்க வேண்டியதில்லை. வதை எது என்பதிலேயே சமூகம் ஒருமித்திருக்கவில்லை என்பது இன்னொரு காரணம். ஜல்லிக்கட்டு காளைக்கு இழைக்கும் வதை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது. மெரினாவில் மக்கள் திரண்டபின் 2017-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. ஒரே வாடிவாசல், ஒரே காளை. ஒரு தீர்ப்பில் வதை, இன்னொன்றில் மரபு. இப்படி அசையும் எல்லையில் துப்பாக்கியோடு யாரை நிறுத்துவது? மாட்டைக் காப்பதாகச் சொல்லி 2015-இல் தாத்ரியிலும் 2017-இல் ஆல்வாரிலும் மனிதர்களை அடித்துக்கொன்ற கும்பல்கள், இந்தக் கேள்விக்கு நடப்பிலேயே விடை தந்துவிட்டன. அங்கே செத்தவர்கள் எளியவர்கள். விலங்கின் பெயரால் கொல்லும் உரிமை தரப்பட்டால், அது விலங்கின் வலியைப் பார்த்து இயங்காது. யாரை ஏற்கெனவே வெறுக்கிறோமோ அவர்களைத் தேடிப்போகும். காசிரங்கா காண்டாமிருகக் காவலும் இதற்கு விலக்கல்ல. 2010-இல் அசாம் அரசு துப்பாக்கி பயன்படுத்தும் வனக்காவலர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அங்கே தாங்கி நிற்கும் நியாயம், வேட்டையாடுவோர் கையிலும் துப்பாக்கி இருக்கிறது என்பதே. கொம்புக்காக மட்டும் என்றால் அந்த நியாயம் சரிந்துவிடும்.

விலங்குரிமையாளர் இதற்கு ஒரு கூர்மையான மறுப்புச் சொல்லலாம்: ‘அடைபட்டவள், முறையிட வழியற்றவள் என்றுதானே மனைவிக்கு உரிமை கேட்டீர்கள்? கட்டிவைத்து அடிக்கப்படும் நாய் அவளைவிட அடைபட்டது. மணியை அசைக்கக் கையும் இல்லை.’ அடைபட்ட நிலை இரண்டிலும் ஒன்றுதான். காப்பவரின் நிலை ஒன்றல்ல. மனைவியின் வழக்கில் கொல்பவர் அடைபட்டவரே. அவருக்கு மாற்றுவழிகள் குறைவு. நாய்க்காக நிற்பவர் வெளியே நிற்கிறார். அவரால் கூவமுடியும், ஆள் சேர்க்கமுடியும், கயிற்றை அறுக்கமுடியும். கொல்வதைத் தவிர வேறு வழியே இல்லாத தருணம் அவருக்கு ஏறக்குறைய வருவதில்லை. அப்படி வரும்போது, பெரும்பாலும் வதைப்பவன் தடுப்பவர்மேலேயே ஆயுதத்தைத் திருப்பியிருப்பான். அப்போது செயல்படுவது மனித உடலைக் காக்கும் பழைய உரிமைதான்.

இரண்டு கேள்விகளும் உண்மையில் தொடும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அடைக்கலம் தேடிவந்த பெண்களிடம் ஆய்வாளர் ஃபிராங்க் ஆசியோன் நடத்தி 1998-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், வளர்ப்புவிலங்கு வைத்திருந்தவர்களில் பத்தில் ஏழு பேர், துணைவன் அதைத் துன்புறுத்தினான் அல்லது துன்புறுத்துவேன் என்று மிரட்டினான் என்றார்கள். பூனையின் கழுத்தைத் திருகுபவன் பூனையோடு மட்டும் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவளிடம் ‘அடுத்து நீ’ என்கிறான். அந்த வதை அவனைக் கொல்வதற்கான காரணம் ஆகாது. ஆனால் அவள் அச்சம் நியாயமானது என்பதற்கு அது வலுவான சான்று. வீட்டு விலங்கை அடித்த புகார் வரும்போது அந்த வீட்டின் பெண்ணையும் பிள்ளையையும் விசாரிக்கும் வழக்கம் காவல் நிலையங்களில் வந்தால், பின்னாளில் ஒரு கொலை வழக்கே எழாமல் போகலாம்.

தற்காப்புரிமை அரசு தோற்ற இடத்தில் மீந்திருக்கும் உரிமை. அதன் அளவு அந்தத் தோல்வியின் அளவே. ஆகவே அதை விரிக்கச் சொல்லும் கையோடு, அது தேவைப்படாதபடி செய்யும் வேலையையும் கேட்டாக வேண்டும்: மணவுறவு விலக்கை நீக்குவது, ‘திடீர்’ என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுப்பது, பத்து ரூபாய் அபராதத்தை மாற்றுவது, புகார் சொன்ன பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பியனுப்பாமலிருப்பது. சோழன் கதையில் தண்டனையாகத் தேர்க்கால் ஒரே ஒருமுறைதான் உருண்டது. மணியோ எல்லா நாளும், பசுவுக்கும் எட்டும் உயரத்தில், தொங்கிக்கொண்டிருந்தது.